இரண்டு அலங்காரத் தூண்கள்

புதுச்சேரியில் தமிழர் வீதிகளின் பழைய வீடுகளுக்குள் இருந்த வானத்தை மூடியவர் யார் என்று கேட்டால், தனிஸ்லாஸ் மேஸ்திரி தன் மார்பைத்தான் தொட்டுக் காட்டுவார். வயது எழுபத்து நான்கு. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் முப்பத்தேழு வீடுகளின் முற்றங்களுக்கு மேலே கம்பி கட்டி, ஜல்லியும் சிமெண்டும் கொட்டித் தளம் போட்ட கை அவருடையது. காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து திரும்பும்போது நேர்வழியில் வீட்டுக்குப் போக மாட்டார். நாலு தெரு சுற்றி, தான் மூடிய வீடுகளை வாசலில் இருந்தபடியே எண்ணிக்கொண்டு போவார். கிடை மடக்கியவன் ஆட்டை எண்ணுகிற மாதிரி ஒன்று குறையாமல் எண்ணுவார்.

தானே புயல் அடித்த கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். ஊரில் ஓடு என்று இருந்ததெல்லாம் பட்டமாய்ப் பறந்தது, தகரக் கூரை கடலுக்குப் போனது, ஆனால் தன் முப்பத்தேழில் ஒன்றிலாவது மயிரிழை விரிசல் உண்டா என்று கேட்பார். எதிர்வீட்டு முருகையன் ஒரு காலத்தில் மில்லில் வேலை பார்த்தவர். யார் எதைச் சொன்னாலும் அதற்கொரு வால் ஒட்டாமல் விட மாட்டார்.

“விரிசல் இல்லதான் மேஸ்திரி. ஆனா கரண்டு இல்லாத அத்தன நாளும் உங்க தளத்துக்குக் கீழ எவன் படுத்தான்? மார்கழிப் பனின்னுகூடப் பாக்காம எல்லாரும் மேல ஏறிதான படுத்தோம்.”

மேஸ்திரி அதைக் காதில் வாங்கியதே கிடையாது. இந்த வருடக் கத்திரி வெயில்தான் வாங்க வைத்தது.

தெருமுனை டிரான்ஸ்பார்மர் மே மாதம் முழுவதும் மதியம் இரண்டு மணி ஆனால் ‘டப்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். மின்துறை ஆள் வந்து ஏறுவார், இறங்குவார், மறுநாள் இரண்டு மணிக்கு மறுபடியும் அதே சத்தம். தெருவில் இருப்பது இருபத்திரண்டு வீடு, அதில் ஓடுவது நாற்பத்தோரு ஏசி என்று அவர் கணக்குச் சொன்னார். பெரிய பெட்டி வைக்கலாம், ஆனால் அதற்கு இடம் வேண்டும். யார் வாசலில் வைப்பது என்று கேட்டதும் தெருவே வாயை மூடிக்கொண்டது. அப்படியானால் இழுக்கிற கரண்டைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டவர் நிர்மலாதேவி. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பாலிடெக்னிக்கில் கட்டட வேலை சொல்லிக்கொடுக்கும் டீச்சர், ஐம்பதைத் தாண்டியவர், தெரு நலச் சங்கத்துக்கும் செயலாளர். நாலு வீட்டில் வெப்பமானி தொங்கவிட்டு ஒரு வாரம் குறித்துப் பார்த்தார். முருகையன் வீட்டு ஹாலில் மூன்று மணிக்கு முப்பத்தொன்பது. இட்லி வியாபாரம் செய்யும் அன்னக்கிளி வீட்டில் முப்பத்துமூன்று. அந்த ஒரு வீட்டில்தான் முற்றம் இன்னும் திறந்து கிடந்தது. மூட வசதியில்லாமல் விட்டது. மறுநாளிலிருந்து தெருவில் ஒவ்வொருவராக அன்னக்கிளி வீட்டுக்குப் போய், சட்னி வாங்க வந்தது மாதிரி நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்கள்.

சங்கக் கூட்டம் அகஸ்டினா அம்மாள் வீட்டில் கூடியது. தெருவிலேயே பெரிய ஹால் அதுதான். பத்தடி அகலம், பதினெட்டடி நீளம் இருந்த முற்றத்தை மூடி, சுற்றியிருந்த தாழ்வாரத்தோடு சேர்த்து ஆக்கிய ஹால். நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தூண், உச்சியில் பூவேலை, தூணிலிருந்து தூணுக்கு வளைவு வைத்த ஓர் உத்தரம். பார்த்தால் சின்னதொரு மாதா கோயில்தான். மேஸ்திரி போட்ட முதல் தளம் அந்த வீட்டில்தான். அவர் வழக்கம்போல் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

டீச்சர் சொன்னது இவ்வளவுதான். தளங்கள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க வீட்டுக்குள் கக்குகின்றன. அந்தச் சூடு வெளியேற வழியில்லை, அதனால் ஏசி போடுகிறோம், ஏசி வெளியே விடுகிற சூடு பக்கத்து வீட்டுக்காரரை இன்னொரு ஏசி வாங்க வைக்கிறது. எனவே முடிந்த வீடுகளில் தளத்தின் ஒரு பகுதியை வெட்டித் திறப்போம். திறப்புக்கு மேலே இரண்டடி உயர்த்தி, பக்கவாட்டில் காற்று போக இடம் விட்டு, சின்னக் கூரை வைப்போம். மற்ற மாடிகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்போம். ஏசி வீட்டுக்கு ஒன்று, மதியம் பாதித் தெருவும் மாலை பாதித் தெருவும் முறைபோட்டு ஓட்டுவோம்.

மேஸ்திரிக்கு முகம் செங்கல்லாகிவிட்டது. தான் அடைத்ததைத் திறக்க எவன் பிறந்திருக்கிறான் என்று கேட்டார். ஏட்டுப் படிப்பு சூளைக்கு உதவாது என்றார். இந்தத் தளங்களுக்குக் கீழே எத்தனை கல்யாணம், எத்தனை பிள்ளைப்பேறு என்று பட்டியல் போட்டார். அகஸ்டினா அம்மாள்தான் பேசினார். எழுபத்தொன்பது வயது, கரண்டு போன மதியங்களில் மருமகள் சிந்தியா அவரை நாற்காலியோடு நகர்த்திக்கொண்டுவந்து தெரு நிழலில் வைப்பாள்.

“மொதல்ல என் வூட்டத் தொறங்க. எனக்கு அடுப்புக்குள்ள குந்தியிருந்து அலுத்துப் போச்சி.”

தெருவே மதாம் என்று அழைக்கும் அவர் சொன்ன பிறகு மறுபேச்சில்லை. டீச்சர் தாளை விரித்தார். பாதித் தளத்தை வெட்டி எடுப்பது, மறு பாதி அப்படியே நிற்பது. பிறகு தூண்களைப் பார்த்தார்.

“மேஸ்திரி ஐயா, கம்பி குறுக்கதான ஓடுது?”

“பின்ன?” என்றார் மேஸ்திரி.

“அப்ப இந்த ரெண்டு தூணும் உத்தரமும் சும்மா அலங்காரந்தான். மொதல்ல அத ஒடச்சி எடுத்துட்டா வேல செய்ய எடம் கெடைக்கும். திங்கக்கெழம ஆள் வருது. சரிங்களா?”

“அலங்காரந்தான்.”

நாற்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் தடம் விழுந்த சொல் அது. அவர் யோசிப்பதற்கு முன்னால் தானாகவே வெளியே நடந்து போய்விட்டது. கூட்டம் கலைந்து எல்லோரும் எழுந்த பிறகும் மேஸ்திரி சுவரோரம் உட்கார்ந்து அந்தத் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவை அலங்காரம் இல்லை. அந்தத் தளத்தைத் தூக்கிப் பிடித்திருப்பதே அவைதான். அது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பதினோரு வயதில் மணல் சுமக்க வந்தவர் தனிஸ்லாஸ். அப்பன் சாராயத்தோடு போனான், பள்ளிக்கூடத்துச் சாமியார் சிலேட்டு வாங்கிக்கொண்டு வா என்றார், சிலேட்டுக்கு வழியில்லாமல் மணல் அள்ளும் பாண்டைத் தலையில் தூக்கினார். இருபது வயதில் கொத்துக் கரண்டி பிடித்தார். முப்பத்தொன்றில், எண்பத்திரண்டாம் வருடம், சொல்தா பிலேந்திரன் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அகஸ்டினா அம்மாளின் கணவர் அவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்று வந்த புதிது. வந்த வருடமே ஐப்பசி மழை முற்றத்தில் இறங்கித் தாழ்வாரத்தில் வைத்திருந்த அவருடைய பெட்டியை நனைத்துவிட்டது.

“பாரீசுல எந்த வூட்டுலயும் மழ உள்ள வந்து நம்மகூடக் குந்திக் காப்பி குடிக்கிறதில்ல. இத மூடிக் குடு. எனக்கு ஒரு சலோன் வேணும்,” என்றார் சொல்தா.

சலோன் என்றால் முடிவெட்டுகிற கடையா, முசியேவுக்கு ஏன் இந்த வயதில் அந்தத் தொழில் என்று தனிஸ்லாஸ் குழம்பியதையும், அது பிரெஞ்சில் ஹால் என்று பிறகு தெரிந்ததையும் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் வேலையை விடவில்லை. அதுவரை பெரிய மேஸ்திரிகளுக்குக் கீழே கை வேலை செய்தவர், அன்றுதான் முதல்முறையாகத் தானே மேஸ்திரி.

தளம் போட்ட நாள் அவர் கண்ணில் இன்னும் ஈரம் காயாமல் இருக்கிறது. கலவை மிஷின் எல்லாம் அப்போது ஏது? தெருவிலேயே இரும்புத் தகடு விரித்து, ஜல்லியும் மணலும் சிமெண்டும் மண்வெட்டியால் புரட்டினார்கள். ஏணியில் படிக்கு ஓர் ஆளாய் நின்று பாண்டு கைமாறி ஏறியது. சித்தாள் பெண்களின் சிரிப்பும் ஏலேலோவும் பாண்டோடு பாண்டாக மேலே போனது. தெருவே வேடிக்கை பார்த்தது. நடுவில் நிறுத்தினால் ஒட்டுத் தெரியும் என்று மதியச் சோறுகூட மாற்றி மாற்றித் தின்றார்கள். தளம் போட்ட அன்றைக்கு வீட்டுக்காரர் விருந்து வைக்க வேண்டும் என்பது வழக்கம். சொல்தா கறிச்சோறு போட்டு, ஆண்களுக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ் பிரெஞ்சுச் சரக்கும் ஊற்றினார். ஈரம் இழுப்பதற்குள் தனிஸ்லாஸ் ஓர் ஓரத்தில் ஆணியால் ‘தனிஸ்லாஸ் 1982’ என்று கீறினார். எழுத்தில் ஸ் திரும்பி நின்றது. அதனால் என்ன, சிமெண்டில் எழுதியதைத் திருத்த எந்த வாத்தியாராலும் முடியாது.

அதற்குப் பிறகு ஊற்றுக்கண் திறந்த மாதிரி வேலை வந்தது. சொல்தா வீட்டு ஹாலில் பெரிய டீவியும் சோபாவும் பார்த்தவர்களெல்லாம் தங்கள் முற்றத்தையும் மூடச் சொன்னார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முற்றம் வைத்த வீட்டைப் பழைய வீடு என்று மூக்கைச் சுளித்த காலம் அது. தனிஸ்லாஸ் சைக்கிளிலிருந்து மொபெட்டுக்கு மாறினார், மொபெட்டிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு. இன்ஜினியர்மார் தாளைப் புரட்டுவதற்குள் இவர் முட்டு கட்டி முடித்துவிடுவார்.

எண்பத்தாறில் கோரிமேட்டுப் பக்கம் ஒரு கட்டடத்தில் வேலை. அங்கிருந்த வயசான இன்ஜினியர் ஒருவர், தளக் கம்பி கட்டிக்கொண்டிருந்த வேறொரு கோஷ்டியைத் திட்டிக்கொண்டிருந்தார். வாய்க்காலைத் தாண்டப் பலகை போடுகிறவன் குறுக்கே போடுவானா, நெடுக்கே போடுவானா? பாரம் தாங்குகிற கம்பி எப்போதும் அகலம் குறைந்த பக்கமாகத்தான் ஓட வேண்டும். நீளப் பக்கமாக ஓடினால் அது கம்பியே இல்லை, வெறும் சுமை. தனிஸ்லாஸ் கையிலிருந்த டீ ஆறிப்போனது. மற்ற வீடுகளில் முற்றம் சதுரம், எப்படிப் போட்டாலும் சரி. சொல்தா வீட்டு முற்றம் மட்டும்தான் நீளம். அங்கே நீளத்துக்குத்தான் பலம் வேண்டும் என்று, கனத்த கம்பியைப் பதினெட்டடிக்கு நெடுக்கே போட்டிருந்தார். குறுக்கே போட்டது வெறும் சுண்டுவிரல் கம்பி.

அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போனார். தளத்தை அண்ணாந்து பார்த்தார். தெரியாத பயத்தில் ஆறு அங்குலக் கனத்துக்குப் போட்டது காப்பாற்றியிருந்தது, விரிசல் இல்லை. ஆனாலும் நடுவில் லேசாக, விரித்துப் பிடித்த துணி தொய்கிற மாதிரி ஒரு தொய்வு அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. கீழே சொல்தாவின் மூன்று பிள்ளைகள் பாய் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சொல்தாவிடம் போய், முசியே, இந்த ஹாலுக்குக் கோயில் மாதிரி இரண்டு தூணும் ஒரு வளைவும் வைத்தால் ஊரே வந்து பார்க்கும், என் முதல் வேலை, என் அன்பளிப்பு என்றார். சொல்தா மீசையைத் தடவிக்கொண்டு சம்மதித்தார். நடுவில் குறுக்கே உத்தரம் கொடுத்து, ஆப்பு வைத்து இறுக்கி, தூண்களைக் கெட்டி மண் வரைக்கும் ஆழத்தில் இறக்கினார் தனிஸ்லாஸ். பிறகு மேலே பூவேலை செய்து அடியிலிருப்பதை மறைத்தார். பதினெட்டடி ஒன்பதும் ஒன்பதுமாகப் பிரிந்தது. நெடுக்கே போட்ட கம்பிக்கு அன்றுதான் வேலை கிடைத்தது.

சொன்ன மாதிரியே ஊர் வந்து பார்த்தது. எங்கள் வீட்டிலும் அந்த மாதிரி தூண் வேண்டும் என்று பதினோரு பேர் கேட்டார்கள். முருகையனும் அதில் ஒருவர். மேஸ்திரியும் வைத்துக் கொடுத்தார். ஒன்றையும் தாங்காத இருபத்திரண்டு தூண்கள் இன்றைக்கும் அந்தத் தெருக்களில் கம்பீரமாக நிற்கின்றன.

திங்கட்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் மேஸ்திரி எண்ணப் போகவில்லை. சொல்லாமல் விட்டால் சம்மட்டி முதலில் தூணில் விழும், தூண் போனால் தளம் அதற்குக் கீழே நிற்கிறவன் தலையில். அகஸ்டினா அம்மாளின் அறைக் கதவு அந்த ஹாலில்தான் திறக்கிறது. சொன்னாலோ, முப்பத்தேழு வீட்டுக்காரரும் அன்றிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் சோறு தின்பார்கள். அறுபது வருட உழைப்பில் சேர்த்த பேர் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் கரைந்துவிடும். தூணை வைத்துக்கொள்ளலாம், அழகாக இருக்கிறதே என்று சிந்தியாவிடம் சாடையாகச் சொல்லிப் பார்த்தார். தூசு அடைகிறது பெரியப்பா, போகட்டும் என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வீராம்பட்டினம் போனார். விஷயம் தெரிந்த இன்னொரு ஆள், அந்த நாளில் கம்பி வளைத்த ஆதிமூலம், அங்கே மகள் வீட்டில் இருந்தார். எண்பதைத் தொடுகிற வயது. கடற்காற்றில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பல்குத்திக்கொண்டிருந்தவர் மேஸ்திரியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“ஆதி, அந்த மொதத் தளம்...”

“எது? நெடுக்கக் கம்பி போட்டியே, அதா?”

இத்தனை வருடத்தில் அதை ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு, எண்பத்திரண்டில், கம்பி கட்டும்போது ஆதிமூலம் தயங்கி நின்றது மேஸ்திரிக்கு நினைவு வந்தது. குறுக்கே போடவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது மேஸ்திரி என்றார். சித்தாள் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது மேஸ்திரி விடுவாரா? நீ வளைக்கிறவன், வளைத்துவிட்டுப் போ என்றார். ஆதிமூலம் வளைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு முப்பத்தாறு தளத்துக்குக் கூடவே கம்பி வளைத்தார், அந்தப் பேச்சை மட்டும் எடுத்ததில்லை.

மேஸ்திரி நடந்ததைச் சொன்னார். கடைசியில் தன் பேர் போய்விடும் என்றார்.

ஆதிமூலம் குச்சியைத் தூரப் போட்டார்.

“பேரு எங்க போவும்? அதுலதான ஆணியால கீறி வச்சிருக்க. தளம் விழுந்தா அதும் சேந்துதான் விழும். மேல இருக்கும்போதே எறக்கிடு மேஸ்திரி.”

மேஸ்திரி எழுந்து, நாளைக்கு ஆட்டோ அனுப்புகிறேன், வந்துவிடு என்றார். எதற்கு என்று ஆதிமூலம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் இரண்டு ஆட்கள் சம்மட்டியோடு வந்தார்கள். நிர்மலாதேவி தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முருகையன் வேடிக்கை பார்க்க வசதியாகக் கதவோரம் இடம் பிடித்திருந்தார். மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு ஆதிமூலத்தோடு உள்ளே வந்தார். நேராகப் போய்த் தூணில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

“இதுல கைய வைக்கக்கூடாது. இது அலங்காரம் இல்ல.”

பிறகு சொன்னார். கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன் ஓடுகிறது, தூண் எப்போது வந்தது, எதற்கு வந்தது, ஆதிமூலம் அன்று என்ன சொன்னார், அதற்குத் தான் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் சொன்னார். டீச்சர் பேனாவை மூடிவிட்டுத் தளத்தை அண்ணாந்து பார்த்தார். சம்மட்டிக்காரர் ஒருவர் சத்தமில்லாமல் இரண்டடி பின்னால் போனார். சொல்லி முடித்ததும் மேஸ்திரிக்குப் பழைய முறுக்கு கொஞ்சம் திரும்பிவிட்டது.

“தப்புப் பண்ணவன் நான். கண்டுபிடிச்சவனும் நான். எவனும் கேக்காம, எவனுக்கும் தெரியாம தூண வச்சி நிறுத்துனவனும் நான். எந்த இன்ஜினியரு செய்வான்?”

அகஸ்டினா அம்மாள் அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போதும் ‘வாங்க மேஸ்திரி’ என்கிறவர் இன்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

“தனிஸ்லாசு. நீ எப்ப வந்தாலும் செவுத்தோரமாத்தான் குந்துவ. சின்னவ கல்யாணத்துக்குக்கூட. கூச்சம்னு நெனச்சேன்.”

மேஸ்திரி தலை குனிந்தார். தான் அப்படி உட்கார்வது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

“எங்க வூட்டுக்காரரு செத்தப்ப இங்க நடுவுலதான் பொட்டி வச்சிப் பூசை பண்ணாங்க. அப்பக்கூட நீ செவுத்தோரந்தான்.” அம்மாள் சிந்தியாவைத் திரும்பிப் பார்த்தார். “நாற்காலி எடுத்தாந்து நடுவுல போடு. நாங்க நாப்பது வருஷம் குந்துனோம். இவன் ஒரு பொழுது குந்தட்டும்.”

மேஸ்திரி உட்கார்ந்தார். மேலே மின்விசிறி சுற்றியது. டீச்சரும் ஆதிமூலமும் நாடா பிடித்து அளந்து, பழைய தாளைக் கிழித்துப் புதிதாகப் போட்டார்கள். நெடுக்கே ஓடுகிற கம்பியை நடுவில் அறுத்துவிட்டுப் பாதித் தளத்தை நிறுத்தி வைக்கிற பேச்சுக்கே இடமில்லை, முழுசையும் முட்டுக் கொடுத்து இறக்க வேண்டும். வெயில் ஏறியது. இரண்டு மணிக்கு ‘டப்’ என்றது, விசிறி நின்றது. தளத்தின் சூடு வெந்நீர்த் துணியைப் பிழிந்த மாதிரி அவர் மேல் இறங்கியது. தன் தளத்தின் கீழே, வேலை முடித்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனதைத் தவிர, ஒரு முழு மதியம் அவர் உட்கார்ந்ததே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்று மணிக்கு அகஸ்டினா அம்மாளே மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

“எப்பிடி இருக்கு?”

“அடுப்புதான் மதாம்,” என்றார் மேஸ்திரி.

இறக்கும் வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. எங்கே வெட்டுவது என்று ஆட்கள் மேஸ்திரியைப் பார்க்க, அவர் ஆதி சொல்கிறபடி வெட்டுங்கள் என்றார். அவர் அந்த மாதிரிச் சொன்னதை அந்தத் தொழிலில் ஒருவரும் கேட்டதில்லை. பட்டை பட்டையாக அறுத்து இறக்கியபோது கனத்த கம்பிகள் நெடுக்கே துருவேறிக் கிடந்ததைத் தெருவே வந்து பார்த்தது. முருகையன் தன் வீட்டுத் தூண்களைப் பற்றிக் கவலையோடு விசாரித்தார். மேஸ்திரி அவர் தோளைத் தட்டினார்.

“உன் தளம் சதுரம், உன் தூண நீ எட்டி ஒதச்சாலும் ஒண்ணும் ஆவாது. அது உன்ன மாரி, சும்மா நிக்கிது.”

கடைசிப் பட்டை இறங்கிய அன்று மேஸ்திரி ஒரு நியாயம் கேட்டார். தளம் போட்டால் விருந்து உண்டு. எடுத்தால் மட்டும் இல்லையா? அகஸ்டினா அம்மாள் கறிச்சோறு ஆக்கிப் போட்டார், தெருவே வந்து தின்றது, கறி தின்னாத டீச்சருக்கு மட்டும் அன்னக்கிளி வீட்டிலிருந்து இட்லி வந்தது. ஆதிமூலத்துக்கு முதல் இலை. ஆணியால் கீறிய துண்டை என்ன செய்வது என்று ஆட்கள் கேட்டார்கள். மேஸ்திரிக்கு அதை வீட்டுக்குக் கொண்டுபோக ஆசை. சிந்தியா முந்திக்கொண்டாள். இப்போது அது முற்றத்து மூலையில் துவைக்கிற கல். திரும்பி நிற்கிற ஸ் மேலே வாரத்துக்கு மூன்று நாள் போர்வை அடி வாங்குகிறது. இந்த ஊரில் நாற்பது வருடம் கழித்தும் தேயாத துவைகல் எவன் போட்டிருக்கிறான் என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டு திரிகிறார்.

இரண்டு தூணும் உத்தரமும் நிற்கின்றன. டீச்சர் அவற்றின் மேல்தான் இரண்டடி உயர்த்திப் பாதி முற்றத்துக்கு ஓட்டுக் கூரை வைத்தார். மறுபாதி வெறும் வானம். சங்கத்தில் இன்னும் ஆறு வீட்டுக்காரர்கள் திறக்கப் பேர் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்ததோடு சரி, ஏசி முறை வைப்பதில் இரண்டு வீட்டுக்கு இன்னும் சண்டை. டிரான்ஸ்பார்மர் ஜூன் கடைசியில் ஒரே ஒரு தடவைதான் சத்தம் போட்டது.

ஆடி பிறந்து முதல் மழை ஒரு சாயங்காலம் வந்தது. மேஸ்திரி அப்போது அந்த வீட்டில்தான் இருந்தார். மழை முற்றத்தில் இறங்கி, துவைகல்லை நனைத்து, தாழ்வாரத்து விளிம்பு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது. அகஸ்டினா அம்மாள் காப்பித் தம்ளரோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எங்க வூட்டுக்காரரு இருந்திருந்தால் இந்நேரம் பிரெஞ்சில் திட்டியிருப்பார் என்றார். அந்தத் திட்டு இரண்டு பேர் காதிலும் கேட்டது. மழை விட்டதும் மேஸ்திரி நாற்காலியை எடுத்தார், பழக்கத்தில் கால் சுவர்ப் பக்கம் போனது.

“இன்னும் எதுக்கு அங்க?” என்றார் அகஸ்டினா அம்மாள்.

அவர் திரும்பி வந்து ஈரத் தரையில், முற்றத்தின் நட்ட நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார். மேலே அவர் போட்டது எதுவும் இல்லை. கழுவிவிட்ட வானத்தில் காக்கை இரண்டு கோயில் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. சொல்தா ஊற்றிக் கொடுத்த அந்த ஒரு கிளாஸ் சரக்கின் காட்டம் ஏனோ தொண்டைக்கு வந்துவிட்டுப் போனது.

“காத்து வருதா மதாம்?” என்றார்.

“வருது, வருது.”

“பின்ன? தொறந்தது யாரு?”